பதினோரு குதிரை, ஒரு மயில்நீலம்

103 கிலோ. என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த எண்ணைத்தான். விலையைக் கேட்பார்கள், மைலேஜைக் கேட்பார்கள், எந்த வருஷத்து வண்டி என்பார்கள். எல்லாம் அப்புறம். முதலில் எடையைக் கேளுங்கள். பின்கைப்பிடியைப் பிடித்து ஒரு தூக்குத் தூக்கி, இந்தப் பக்கம் பார்த்து நின்ற வண்டியை அந்தப் பக்கம் பார்க்க நிறுத்திவிடலாம். சந்துக்குள் திருப்ப இரண்டாவது ஆள் வேண்டாம். அந்த மெல்லிய உடம்புக்குள் 98 சிசி என்ஜின். 7500 சுற்றில் 11 குதிரைசக்தி. அதே காலத்தில் ஊரெங்கும் ஓடிய ஃபோர் ஸ்ட்ரோக் 100 சிசி வண்டிகள் ஏழு குதிரையைச் சுற்றியே நின்றுகொண்டிருந்தன. அவையெல்லாம் நல்ல வண்டிகள், குடும்பத்துக்கு உழைத்த வண்டிகள். ஆனால் சிக்னலில் பச்சை விழுந்ததும் ஆர்எக்ஸுக்குப் பின்னால்தான் வந்தன!

எடையை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், பழைய வண்டியை அலங்கரிக்க உட்கார்ந்தவுடன் எல்லோருக்கும் கை ஊறும். கிராஷ் கார்டு போடலாமா, தடித்த டயர் மாட்டலாமா, இரண்டு பக்கமும் பெட்டி வைக்கலாமா என்று மனம் அலையும். ஆர்எக்ஸ் விஷயத்தில் என் தீர்மானம் ஒன்றே ஒன்று: அழகு எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், எடை ஏறக்கூடாது. இந்த வண்டியின் ஜீவன் அதன் மெலிவில் இருக்கிறது. அதன்மேல் இரும்பை ஏற்றிவிட்டு ஆர்எக்ஸ் ஓட்டுகிறேன் என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாது.

1985 நவம்பரில் எஸ்கார்ட்ஸும் யமஹாவும் சேர்ந்து இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். முதலில் வந்த வண்டிகளின் பாகங்கள் ஜப்பானிலிருந்து இறங்கி இங்கே பூட்டப்பட்டவை. அப்படிப்பட்ட ஆரம்ப கால வண்டி ஒன்று யார் வீட்டிலாவது இருக்கிறது என்று காதில் விழுந்தால் இன்றைக்கும் ஆட்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 1996 மார்ச்சோடு ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு நின்றது. புகைக்கட்டுப்பாட்டு விதிகள் இறுகிய நேரம் அது. பின்னாலேயே ஆர்எக்ஸ்ஜி வந்தது, ஆர்எக்ஸ் 135 வந்தது. 135-இன் ஐந்து கியர் மாடலை நான் மதிக்கிறேன். நெடுஞ்சாலையில் அது ராஜா. ஆனாலும் நூறில் இருக்கும் சுறுசுறுப்பு வேறு எதிலும் இல்லை. பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர், அது மேலும் கீழும் போய்வரும் தூரமும் 50 மில்லிமீட்டர். சதுர என்ஜின் என்பார்கள். சுற்று ஏறுவதற்குத் தயங்கவே தயங்காது.

என் வண்டி மாமாவுடையது; அவர் அம்மாவின் தம்பி. நாமக்கல்லைச் சுற்றியுள்ள கோழிப்பண்ணைகளுக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தவர். மோகனூர், புதுச்சத்திரம், சேந்தமங்கலம் என்று அவர் போகாத மண்பாதை இல்லை. வயதான பிறகு கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறிவிட்டார். ஆர்எக்ஸ் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய்க்குக் கீழே போயிற்று. நான் போய்க் கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“எடுத்துக்கிட்டுப் போ கண்ணு. ஓடற வண்டிய நிக்க வெச்சா எனக்குத்தான் பாவம்” என்றார்.

அப்போது வண்டி கறுப்பு. இடையில் யாரோ அடித்துவிட்ட கறுப்பு. அதுவும் தூரிகையால் அடித்தது. ஆர்சி புத்தகத்தில் நிறம் நீலம் என்றிருந்தது. டேங்கைக் கழற்றிக் கவிழ்த்துப் போட்டு, சீட்டுக்கு அடியில் மறைந்துபோகும் விளிம்பில் உப்புத்தாளைத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று, அதற்கடியில் சாம்பல் நிறப் பிரைமர் ஒரு படலம் போயிற்று, பிறகு வந்தது பாருங்கள், மயில்நீலம்! கம்பெனி நிறம். கறுப்பு, செர்ரி சிவப்பு, மயில்நீலம் என்று ஆர்எக்ஸ் 100-க்குப் பேர்போன நிறங்கள் மூன்று. அந்த மூன்றில் இதுதான் என் கண்ணுக்கு உயர்ந்தது. நகத்தளவு இடத்தில் தெரிந்த அந்த நீலத்தைப் பார்த்த கணத்தில் வண்டிக்கு என்ன நிறம் என்ற கேள்வி முடிந்துவிட்டது. இன்னொரு நன்மையும் உண்டு. வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லி ஆர்சியில் ஏற்ற வேண்டும். எனக்கு அந்த வேலையே இல்லை. வண்டிதான் தன் ஆர்சிக்குத் திரும்பிவந்தது.

ஆனால் பெயிண்டுக்கு முன்னால் என்ஜின். இந்த வரிசையை மாற்றவே கூடாது. ஓடாத வண்டிக்குப் பூசிய வண்ணம் எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கென்றே பேர் வாங்கியவர். கடைக்குப் பலகை கிடையாது, வேப்பமரம்தான் அடையாளம். அவர் சிலிண்டரைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “போர் பண்ணிரலாம் தம்பி, பயப்படாதீங்க. செவுரு நல்லாருக்கு” என்றார். லேத் பட்டறையில் சிலிண்டரின் உள்சுவரைக் கால் மில்லிமீட்டர் அகலமாகக் கடைந்து, அதற்கு ஏற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் போட்டோம். கடைசல் முடிந்த பிறகு ஹோனிங் என்று ஒன்று செய்கிறார்கள். வழவழவென்று இருக்கும் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மிக மெல்லிய கீறல்களைப் போடுவது. அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். தங்கினால்தான் ரிங் தேயாது. வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். யாரும் ஒருநாளும் பார்க்கப்போகாத ஓர் இடத்தில் இத்தனை அழகான வேலைப்பாடு!

கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் ரீட் வால்வு என்று ஒரு சிறு பாகம் இருக்கிறது. மெல்லிய இதழ்கள், என்ஜின் உறிஞ்சும்போது திறக்கும், எதிர்அழுத்தம் வரும்போது தானே மூடிக்கொள்ளும். அடிபம்புக்குள் இருக்கும் தோல் வாஷர் ஏறிய தண்ணீரைக் கீழே விடாததுபோல, இது உள்ளே போன பெட்ரோல் கலவையைத் திரும்பி வர விடாது. இந்த ஒரு பாகத்தால்தான் ஆர்எக்ஸ் குறைந்த சுற்றிலும் இழுக்கிறது. இதழ்களின் விளிம்பில் பிசிறு விழுந்திருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும். என்னுடையதில் புது இதழ் போட்டதிலிருந்து சோக்கை இழுத்து ஒரு உதை, அவ்வளவுதான்.

பிறகு ஆயில் பம்ப். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் பெட்ரோல் பங்கில் 2டி ஆயிலை அளந்து ஊற்றிக் குலுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆர்எக்ஸில் அது வேண்டியதில்லை. ஆயிலுக்குத் தனி டப்பா, தனி பம்ப். ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் இன்னொன்று பம்புக்கும் போகிறது. முறுக்க முறுக்க ஆயிலும் அந்த அளவுக்குக் கூடும், விட்டால் குறையும். பம்பில் இருக்கும் குறியோடு கேபிளைச் சரியாக ஒத்து வைத்தால் புகை பாதியாகக் குறையும். இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. டூ ஸ்ட்ரோக் புகை உண்மையான விஷயம். எரியாத பெட்ரோலும் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரத்தான் வரும். அதனால்தான் இந்த என்ஜின்கள் சாலையை விட்டுப் போயின. அப்படியிருக்க இன்னும் இதை வைத்து ஓட்டுகிறவன் பம்பைச் சரியாக வைத்து, புகை குறைவாக எரியும் நல்ல ஆயிலை ஊற்றி, புகைச் சான்றிதழை நேர்மையாக வாங்கி ஓட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் மூக்கைப் பொத்தினால் என் வண்டியின் அழகு அங்கேயே போயிற்று.

சைலென்சரைப் பற்றித்தான் பெரிய தகராறு. ஆர்எக்ஸ் வைத்திருக்கிற இளைஞர்கள் பாதிப் பேர் முதலில் கழற்றி எறிவது கம்பெனி சைலென்சரைத்தான். தெருவே அதிர வேண்டும் என்று எதையோ மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களிடம் நான் மணிக்கணக்கில் பேசத் தயார். தம்பி, அந்தக் குழாய் வெறும் புகைபோக்கி இல்லை. என்ஜினிலிருந்து வெளியேறும் அழுத்த அலை சைலென்சருக்குள் அகன்று, பிறகு குறுகும் இடத்தில் மோதித் திரும்பி வருகிறது. அப்படித் திரும்பி வரும்போது, சிலிண்டரிலிருந்து நழுவி வெளியே போகப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடியும் உள்ளே தள்ளிவிடுகிறது. இந்த வேளை சரியாகப் பொருந்தும் சுற்று வந்ததும் வண்டி திடீரென்று முன்னால் பாய்கிறதே, நீங்கள் எல்லோரும் பைத்தியமாகத் திரிகிற அந்தப் பாய்ச்சல், அது இந்தக் குழாயின் உள்வடிவத்தில் இருக்கிறது. ஜப்பானில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் உனக்காகச் செய்து வைத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சத்தத்தை வாங்கி மாட்டுகிறாயே!

என் கம்பெனி சைலென்சருக்குள் பல வருஷத்துக் கரி அடைத்திருந்தது. உள்குழாயை உருவி எடுத்துச் சுட்டோம். வெளிக்கூட்டில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றி ஊறவைத்துக் கழுவினோம். கையுறை போட்டுக்கொண்டு, குழந்தைகளைப் பக்கத்தில் விடாமல். கொட்டிய கரியைப் பார்த்து அண்ணனே அசந்துபோனார். மறுபடி பூட்டி உதைத்தபோது வந்த சத்தம் இருக்கிறதே, அதில் அடைப்பும் இல்லை, அலறலும் இல்லை. ஐடிலிங்கில் தனித்தனியாக எண்ணிவிடலாம் போல ஒரு துடிப்பு. முறுக்கினால் மேலே ஏறும்போது கம்மாத ஓர் உலோகக் குரல். பக்கத்து வீட்டுப் பாட்டி தூக்கத்திலிருந்து எழாமல், தெருமுனையில் நிற்கிற ஆர்எக்ஸ்காரன் மட்டும் திரும்பிப் பார்க்கிற சத்தம். எனக்கு அது போதும்.

இனி பெயிண்டு. நான் சொல்லத் துடித்துக்கொண்டிருந்த இடம் இதுதான்.

நாமக்கல் லாரி ஊர். வெறும் சேசிஸாக வந்து நிற்கும் லாரிக்கு மரமும் தகடும் வைத்துக் கூடு கட்டி, வண்ணமடித்து, கிளியும் தாமரையும் எழுதி அனுப்பும் பட்டறைகள் சேலம் சாலையிலும் திருச்செங்கோடு பக்கமும் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பட்டறைகளில் வாழ்நாளெல்லாம் லாரிக்கு எழுதிய பெயிண்டர் ஒருவரைத் தேடிப் போனேன். ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வந்த பிறகு கைவேலை குறைந்து, வீட்டுத் திண்ணையில் கடைப்பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். பைக் டேங்க் என்றதும் முதலில் யோசித்தார்.

“எனக்குப் பத்தடிப் பலகை வேணுங்க தம்பி. இதுல எங்க கைய வெக்கிறது?”

“கோடு மட்டும் போட்டுக் குடுங்கய்யா. ரெண்டே கோடு.”

டேங்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் வளைவைக் கையால் தடவிப் பார்த்தார். அவருக்கு அது பிடித்துப்போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடிநிறத்தை வேறொரு பட்டறையில் அடித்திருந்தோம். பழைய பூச்சை முழுக்க எடுத்து வெறும் தகடாக்கி, நெளிவுகளை உள்ளிருந்து கம்பியால் நெம்பி நிமிர்த்தி, பட்டி குறைவாக வைத்துத் தேய்த்து, பிரைமர் போட்டு, அதன்மேல் மெல்லிய வெள்ளித்தூள் பூச்சு, அதன்மேல் ஒளி ஊடுருவும் நீலம், கடைசியில் கிளியர். இதைக் கேண்டி வேலை என்பார்கள். வெயில் நீலத்துக்குள் இறங்கி, அடியில் இருக்கும் வெள்ளியில் பட்டுத் திரும்பி வருவதால் நிறத்துக்கு ஓர் ஆழம் கிடைக்கிறது. கம்பெனி நீலத்தை அப்படியே நகலெடுக்காமல், அதே நீலத்தை இன்னும் ஆழமாக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. நிழலில் பார்த்தால் கறுப்பையொட்டிய நீலம், வெயிலில் நகர்த்தினால் மயில்கழுத்து. ஒருநாளைக்கு எத்தனை தடவை நிழலுக்கும் வெயிலுக்கும் தள்ளிப் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை!

இந்த நீலத்தின்மேல்தான் பெரியவர் கோடு இழுத்தார். டேப் ஒட்டவில்லை, அளவுகோல் வைக்கவில்லை. நீள முடித் தூரிகையைச் சந்தன வெள்ளையில் தோய்த்து, தகரத்தில் இரண்டு இழுப்பு இழுத்துப் பதம் பார்த்துவிட்டு, சுண்டுவிரலை டேங்கின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. தலைப்பக்கத்திலிருந்து முழங்கால் படும் குழிவு வரை. பிறகு அதற்குக் கீழே இன்னொன்று, முதல் கோட்டில் பாதி தடிமனில். முடியும் இடத்தில் கோடு மெலிந்து மெலிந்து இல்லாமல் போகிறது. இயந்திரத்தில் வெட்டிய ஸ்டிக்கரால் அது முடியவே முடியாது. ஸ்டிக்கர் எங்காவது சட்டென்று நின்றுவிடும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோட்டின் நடுவில் தூரிகை முடிகளின் தடம் தெரியும். ஒருவருடைய கை என் வண்டியின்மேல் இருக்கிறது என்பதற்கு அந்தத் தடம் சாட்சி.

வேலை முடிந்ததும் பெரியவருக்கு ஒரு மயில் எழுதிவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. லாரியில் எழுதினால் பெரிதாக எழுதுவார், தோகையோடு. டேங்கில் வேண்டாம் என்று கெஞ்சி, கடைசியில் இடது பக்கப் பெட்டி மூடியின் உள்பக்கத்தில், கழற்றினால் மட்டுமே தெரிகிற இடத்தில், ஒரு சின்ன மயிலை எழுதிக் கொடுத்தார். பேட்டரி பார்க்க மூடியைக் கழற்றும்போதெல்லாம் மெக்கானிக் கடையில் ஒரு கூட்டமே கூடிவிடுகிறது.

ஆர்எக்ஸின் மட்கார்டுகள் இரண்டும் குரோம். அது இந்த வண்டிக்கு நகை. அதைப் பிளாஸ்டிக்காக மாற்றுகிறவர்களும் பெயிண்டு அடித்து மறைக்கிறவர்களும் உண்டு. நான் துருவை எடுத்து, பஃபிங் போட்டு, முதலில் செம்பு, பிறகு நிக்கல், கடைசியில் குரோம் என்று முறைப்படி முலாம் பூசக் கொடுத்தேன். ஒரு விஷயம் தெரியுமா, மேலே இருக்கும் குரோம் படலம் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. நாம் பார்த்து மயங்கும் பளபளப்பில் பெரும்பகுதி அடியில் இருக்கும் நிக்கலுடையது. அதற்கும் அடியில் பஃபிங் போட்டவரின் உழைப்பு. அவசரத்தில் செம்பையும் நிக்கலையும் சுருக்கிவிட்டு மேலே குரோமைக் காட்டுகிறவர்களிடம் கொடுத்தால் ஒரே மழைக்காலத்தில் கொப்பளம் கிளம்பும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் சரி, மூன்று படலமும் வேண்டும்.

பின்சக்கரத்தை மூடும் சேலைக் கார்டையும் குரோம் போட்டேன். அதைக் கழற்றிவிட்டால் வண்டி இன்னும் ஒல்லியாகத் தெரியும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும், கால் வைக்க இடமும், பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பும் வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி சொல்கிறது. விதியை விடுங்கள், பின்னால் உட்காருவது என் அம்மா. அந்தக் கார்டு இருக்கத்தான் வேண்டும். இருக்கிறதென்றால் மின்னத்தான் வேண்டும். கிராஷ் கார்டை மட்டும் கழற்றினேன். ஸ்போக்குகளைத் துருப்பிடிக்காத எஃகில் போட்டு, கோணல் எடுத்துக் கட்டினோம். முன்பக்கம் 2.50, பின்பக்கம் 2.75 அங்குல அகலம், 18 அங்குல விட்டம் என்று கம்பெனி கொடுத்த டயர் அளவை மாற்றவில்லை. தடித்த டயர் மாட்டினால் படம் எடுக்க நன்றாக இருக்கும், வளைவில் திருப்பும்போது வண்டி மறுக்கும். சீட்டுக்கு அதே உயரத்தில் புது நுரை, அதன்மேல் அடர்பழுப்பு ரெக்ஸின், கை தையல். ஹேண்டில் பார் பழையது. எல்லாம் முடித்துத் தராசில் ஏற்றவில்லை, தேவையுமில்லை. பின்கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினேன். வந்தது!

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. பதிவு 15 வருஷத்துக்கு, பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். என்ஜினை மாற்றி, சேசிஸை வெட்டி, சத்தக் குழாய் மாட்டிய வண்டியைக் கொண்டுபோய் ஆய்வாளர் முன்னால் நிறுத்தினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். என் ஆர்எக்ஸைக் கொண்டுபோய் நிறுத்தியபோது ஆய்வாளர் எண்ணைச் சரிபார்த்துவிட்டு, வேலை முடிந்த பிறகும் நகரவில்லை. டேங்கைச் சுற்றி வந்து, “கோடு யாருங்க போட்டது?” என்று கேட்டார்.

காட்டிக்கொள்ளத்தான் இவ்வளவும். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அழகான பொருளை நாலு பேர் பார்க்கும்படி நிறுத்துவது நல்ல காரியம். எங்கள் பக்கத்தில் அதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது, ஆயுத பூஜை. பட்டறைகளுக்கு வெளியே லாரிகளும் டிராக்டர்களும் கழுவி நிறுத்தி, முகப்பில் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கிற நாள். மெக்கானிக் அண்ணன் கடை வாசலில் அன்றைக்கு அவர் கைபட்ட பழைய வண்டிகள் எல்லாம் வரும். புல்லட், யெஸ்டி, ராஜ்தூத், சுசுகி சாமுராய், நான்கைந்து ஆர்எக்ஸ். சாம்பிராணிப் புகையோடு 2டி ஆயில் புகையும் கலந்து ஒரு மணம் வரும்; எனக்கு வருஷத்தின் மிகச் சிறந்த மணம் அதுதான். என் மயில்நீலத்தின்மேல் சந்தனம் வைக்க மனசு வராமல் ஹெட்லைட் வளையத்தில் வைக்கச் சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. டேங்கின் நடுவில், இரண்டு பக்கக் கோடுகளுக்கும் பொதுவாக, பெரிய பொட்டு ஒன்று வைத்தார். அதுவும் எவ்வளவு பொருத்தமாக இருந்தது!

அப்புறம் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். பெரிய என்ஜின் வண்டிகள் இந்த மலையில் மூச்சு வாங்குவதில்லை, ஆனால் ஒவ்வொரு வளைவிலும் உடம்பை இழுத்துப் போட்டுத் திருப்ப வேண்டும். ஆர்எக்ஸுக்கு அது இல்லை. வளைவுக்கு முன்னால் இரண்டாம் கியருக்கு இறக்கி, பார்வையை வளைவின் முடிவில் வைத்தால் வண்டி தானே அங்கே போகிறது. வெளியே வரும்போது முறுக்கினால் அந்தப் பாய்ச்சல் வந்து சேரும். மூன்றாம் கியர் போடுவதற்குள் அடுத்த வளைவு. இறங்கும்போது டிரம் பிரேக்கை நம்பி வேகமாக விடக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் என்ஜின் பிடிமானமும் குறைவு. ஆகவே இறக்கம் முழுக்க நிதானம், ஏற்றம் முழுக்கக் கொண்டாட்டம். மரங்கள் அடர்ந்து காற்று குளிரத் தொடங்கும் உயரத்தில், எதிரே வண்டி எதுவும் இல்லாத நேரத்தில், என் சைலென்சரின் சத்தம் மலைச்சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதற்காகவே விடியும் முன் கிளம்புகிறேன்.

மேலே செம்மேட்டில் வல்வில் ஓரிக்குக் குதிரைமேல் அமர்ந்த சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் ஓரி விழா நடக்கும்போது அந்த இடமே நிரம்பி வழியும். அப்படி ஒரு விழாவுக்குப் போய் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் சுற்றி ஆட்கள். மிளகு மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர், இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி வண்டியில் இதே மலையில் பிரசவ வலி எடுத்த தன் மனைவியின் தங்கையை இறக்கிக் கொண்டுபோனதைச் சொன்னார். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் தரையில் குந்தி உட்கார்ந்து, மட்கார்டில் தங்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், வயது ஐம்பது இருக்கும், பேசாமல் நின்று டேங்கின் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “ஒரே ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறீங்களா?”

உதைத்தேன். முதல் உதையிலேயே பிடித்தது. அவர் முகத்தில் விரிந்த சிரிப்பைப் பார்த்தபோது, சிலிண்டரைக் கடைந்தவரும் முலாம் போட்டவரும் கோடு இழுத்த பெரியவரும் மாமாவும் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. “எங்க வீட்டுக்காரர் செவப்பு வெச்சிருந்தாருங்க. வித்துப்புட்டோம்” என்றார். அந்தச் சிவப்பு எந்த ஊரில் இருக்கிறது, எண் என்ன என்று கேட்டு வைத்திருக்கிறேன். தேடிப் பார்க்கப்போகிறேன், கிடைத்தால் அவர்கள் வீட்டுக்கே தகவல் போகும்.

இப்போது வண்டியில் ஒரே ஒரு குறை. பின்விளக்கின் சிவப்பு மூடி கம்பெனிச் சாமான் இல்லை. கடையில் கிடைக்கும் நகலில் சிவப்பு வெளிறியிருக்கிறது. உள்ளே வரிவரியாக இருக்க வேண்டிய வார்ப்பும் மழுங்கல். சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டேன், கோயம்புத்தூர் உக்கடத்திலும் பார்த்துவிட்டேன். பழைய யமஹா டீலர் யாருடைய குடோனிலாவது பிரிக்காத பெட்டியில் ஒன்று நிச்சயம் இருக்கும். உங்களுக்குத் தெரிந்த இடத்தில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், எந்த ஊராக இருந்தாலும் சரி. ஆர்எக்ஸிலேயே வந்து வாங்கிக்கொள்கிறேன். வந்த கையோடு உங்களையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.